தக்காளித் தோளியல்: அவனியாபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குளிர்ப்பிரதேசத்தில் ருசியான தக்காளி வளர்ப்பது பற்றிச் சீமையில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவனியாபுரத்தில் குளிர்ப்பிரதேசம் ஒன்றே ஒன்றுதான்: எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. ஆகவே ஆய்வு அங்கிருந்தே தொடங்குகிறது.

களத்தில் இரு இனங்கள். பெங்களூர்த் தக்காளி தடித்த தோல், உச்சி முதல் அடி வரை ஒரே சிவப்பு. லாரியில் எத்தனை உருண்டாலும் முகம் கோணாது. குருமாவுக்குச் சரி, ரசத்தில் மட்டும் சம்பந்தி வீட்டுக்காரர்போல ஒதுங்கி நிற்கும். நாட்டுத் தக்காளி சப்பை. காயில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள். வெயில் காலத்தில் பழுத்த பின்னும் கொஞ்சம் தங்கிவிடும். ஆய்வாளன் (அடியேன்தான்) இதைப் 'பழுக்கவில்லை' என்று பிழையாக வாசித்து, கடைதோறும் ஒதுக்கிவந்தான்.

"வெவரங்கெட்டவனே, தோள்ல பச்ச இருக்கதப் பாத்து எடுடா, அதுலதான் ருசி" என்றார் முதன்மைத் தகவலாளியான பெரியம்மா.

அறிவியல் 2012இல்தான் பெரியம்மாவை எட்டிப் பிடித்தது. ஒரே சீராகப் பழுக்கும் ரகங்களையே தேர்ந்தெடுத்துவந்ததில், கரும்பச்சைத் தோளைத் தரும் மரபணு செயலிழந்து, கூடவே பழத்தின் சர்க்கரையும் குறைந்ததாக அவ்வாண்டு 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. பொங்கலன்று வாடிவாசலில் திமிலைப் பார்த்தே மாட்டை எடைபோடும் ஊர், தக்காளிக் கூடையில் தோளைப் பார்க்காதது பண்பாட்டு ஆய்வுக்குரிய தனிப் புதிர்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் ருசி கெடாது என்ற கருதுகோள் 2016இல் முறிந்தது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தார்கள். இனிப்பும் புளிப்பும் அப்படியே இருந்தன. மணம் போயிற்று, வெளியே எடுத்து வைத்தும் முழுதாகத் திரும்பவில்லை. கீழ்த்தட்டில் இப்போது இட்லி மாவு.

எஞ்சியது மொட்டைமாடி. அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 தேர்வாயிற்று: சப்பை உருண்டை, பச்சைத் தோள், பெரியம்மா இலக்கணத்துக்குப் பழுதில்லை. சித்திரையில் நட்டதெல்லாம் பூவோடு சரி. ராத்திரிப் புழுக்கத்தில் மகரந்தம் கெட்டுப் பிஞ்சு பிடிக்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் மறுபடி நட்டேன். முதல் பழம் தை ஒன்றாம் தேதி சிவந்தது. ஆய்வை மதிப்பிட ஆளில்லை, தெருவே ஜல்லிக்கட்டுக்குப் போயிருந்தது. பெரியம்மா மட்டும் வாங்கி முகர்ந்தார்.

"இன்னும் ரெண்டு பறிச்சிட்டு வா. ரசத்துக்குப் பத்தாது."