எஸ்ஏடிஎஃப் சூத்திர விருத்தி

லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் கண்விழிக்கிறது. பிராசஸர் எவ்வளவு உழைத்தது, மெமரி எவ்வளவு மிஞ்சியது, டிஸ்க் எத்தனை முறை எழுதியது என்று குறித்துவைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 144 குறிப்புகள். இவற்றை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை என்பது துறை வல்லார் அனைவரும் ஒப்பிய முடிபு. ஆனால் ஏதாவது ஒன்று விழுந்த மறுகணமே இவற்றை ஏற்றுமதி செய்யாதாரும் இல்லை. படிக்காததை ஏன் ஏற்றுமதி செய்கிறார்கள் என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட வினா.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சார் என்னும் கருவி யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் காலத்தது. லினக்ஸுக்கு அதை சிஸ்ஸ்டாட் என்ற தொகுப்பில் எழுதித் தந்தவர் பிரான்சு நாட்டின் செபாஸ்டியன் கோதார். தொகுப்பில் நமக்கு வேண்டியவர் மூவர்: குறிப்பெழுதும் எஸ்ஏடிசி, எழுதியதைத் திரையில் வாசித்துக் காட்டும் சார், எழுதியதை வேற்று வடிவில் பெயர்த்து வெளியே அனுப்பும் எஸ்ஏடிஎஃப். (இவ்வுரையில் சார் என்று வருமிடமெல்லாம் கருவியையே குறிக்கும். மேலாளர் வருமிடத்தில் மேலாளர் என்றே எழுதியுள்ளோம்.)

இனி சூத்திரம். அது ஒரே வரி: எஸ்ஏடிஎஃப், கோடு டி, கோப்பின் பெயர், இரட்டைக் கோடு, கோடு டி.

டி இருமுறை வந்தது கூறியது கூறல் என்னும் குற்றம் ஆகாதோ எனின், ஆகாது. இரட்டைக் கோட்டுக்கு இடப்புறம் நின்ற டி, "டேட்டாபேஸ் விழுங்கத் தக்கவாறு இடையிடையே அரைப்புள்ளி வைத்துத் தருக" என்று எஸ்ஏடிஎஃபுக்குச் சொன்னது. வலப்புறம் நின்ற டி, "டிஸ்க் கணக்கைத் தருக" என்று சாருக்குச் சொன்னது. எழுத்து ஒன்று, ஏவல் இரண்டு. நடுவிலுள்ள இரட்டைக் கோடு இரு காணிக்கும் இடையே போட்ட வரப்பு. எவனுடைய டி எது என்று அதுவே தீர்க்கும். இடப்புறம் டிக்குப் பதில் ஜே இட்டால் ஜேசன், எக்ஸ் இட்டால் எக்ஸ்எம்எல், ஜி இட்டால் எஸ்விஜி படம். படம் கூட்டத்தில் காட்ட உதவும். விரிக்கின் பெருகும்.

அரைப்புள்ளி ஏன், காற்புள்ளி ஆகாதோ என்பார்க்கு ஒரு சாரார் விடை கூறுவர்: பிரெஞ்சுக்காரர் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளியை எழுதுவோர் ஆகலின், ஆசிரியர் அதை வேறு வேலைக்கு விடவில்லை என்று. அழகான விளக்கம், சான்று காட்டாமையின் தள்ளினோம். விளைவு மட்டும் உறுதி. நம் ஊர் எக்செல் காற்புள்ளியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதால், கோப்பைத் திறந்ததும் வரி முழுவதும் முதல் பத்தியிலேயே நெருக்கியடித்து நிற்கும்.

வெளிவரும் வரி ஒன்றை மாதிரிக்குக் காண்க. இது வலப்புறம் ஒன்றும் கேளாதபோது வரும் பிராசஸர் கணக்கு: சர்வரின் பெயர்;600;2024-03-15 04:30:01 யூடிசி;-1;71.20;0.00;9.85;12.40;0.00;6.55.

600 என்பது இடைப்பட்ட நொடிகள். நான்காவதாக நிற்கும் -1 என்பதற்கு எல்லா பிராசஸர்களும் சேர்த்து என்பது பொருள். எல்லாம் என்பதைக் குறிக்கக் கழித்தல் ஒன்றா எனின், 0 என்பது முதல் பிராசஸரின் பெயராகிவிட்டது, அதற்கு மேலுள்ள எண்களெல்லாம் அதன் தம்பிமாருடையவை; எஞ்சியது இதுவே என்க. அதை நஷ்டக் கணக்கு என்று கருதிச் சிவப்பு அடித்த மேலாளரும் உளர் என்பது செவிவழிச் செய்தி.

இனிக் காலம். பிழைபட்ட உரைகள் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான். ஒன்றும் சொல்லாவிட்டால் எஸ்ஏடிஎஃப் நேரத்தை யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் தரும். காலை 10 மணிக்கு ஆபீஸே ஒன்றாக லாகின் செய்து சர்வர் திணறியது என்று வையுங்கள். கோப்பில் அது 04:30 என்று நிற்கும். விடியற்காலையில் யார் வேலை செய்தார்கள்? ஒருவருமில்லை, ஆகவே பேக்கப் தான் காரணம் என்று முதற்கொள்கை எழும். பேக்கப்பை இரவு இரண்டு மணிக்கு மாற்றுவார்கள். மறுநாளும் 04:30-க்கே திணறும். இந்த அளவில் பேக்கப் மென்பொருளையே மாற்ற வேண்டும் என்ற இரண்டாம் கொள்கை எழுந்து, விலைப்புள்ளி கேட்கும் வரை போகும். டைம் என்பதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் இட்டிருந்தால், கட்டளை ஓடும் கணினியின் நேரத்தில் விடை வந்திருக்கும். சிறிய எழுத்தில் இட்டால் பதிவு எழுதப்பட்ட கணினியின் நேரத்தில் வரும். ஒரு விசை அழுத்தத்தில் ஐந்தரை மணி நேரம் அடங்கியிருக்கிறது.

கடைசி ஆறு எண்களே ஆய்வின் உயிர்நிலை. யூசர், நைஸ், சிஸ்டம், ஐஓவெயிட், ஸ்டீல், ஐடில் என்பன அவற்றின் பெயர்கள். கூட்டினால் நூறு வரும். நூலார் இவற்றை பிராசஸரின் நேரப் பங்கீடு என்பர். நடைமுறையில் இவை பழிப் பங்கீடு. யூசர் உயர்ந்தால் குற்றம் நிரல் எழுதியவருடையது. ஐஓவெயிட் உயர்ந்தால் ஸ்டோரேஜ் அணியுடையது. பிராசஸர் சும்மா இருந்து டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம் அது என்பதால், சும்மா இருந்தவரை விட்டுக் காக்கவைத்தவரைப் பிடிப்பர். ஸ்டீல் உயர்ந்தால் நம் பங்கு நேரத்தை அதே இயந்திரத்தில் குடியிருக்கும் வேறொரு சர்வருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். பெயரிலேயே திருட்டு இருப்பதால் கிளவுட்காரருக்குக் கடிதம் போகும். ஐடில் தொண்ணூறைத் தாண்டி, மற்றவையெல்லாம் சாதுவாக இருந்தால்? சர்வர் குற்றமற்றது, ஆகவே நெட்வொர்க் அணி. நைஸ் பத்தியில் எப்போதும் 0.00 இருப்பதால் அதன் பேரில் இதுவரை யாரும் மாட்டவில்லை.

ஆகவே விடை கிடைத்தது. கோப்பு படிப்பதற்காக ஏற்றுமதி ஆவதில்லை. டிக்கெட்டில் இணைப்பதற்காக ஆகிறது. "டேட்டா எடுத்தீங்களா?" என்று மேலாளர் கேட்பார். "அட்டாச் பண்ணிட்டேன்" என்பார் பொறியாளர். உரையாடல் அத்துடன் முடியும். யாரும் "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை.

கேட்டாலும் பெரும்பயன் இல்லை என்று வாதிடுவோரிடம் ஒரு நியாயம் உண்டு. அரை நிமிடம் பிராசஸர் நூறு சதவீதத்தில் திணறினால் வாடிக்கையாளருக்கு அது யுகம். பத்து நிமிடச் சராசரியில் அது வெறும் ஐந்து சதவீதம் கூடுதல். விபத்து நடந்தது உண்மை, கோப்பில் இல்லாததும் உண்மை. இதற்குக் கருவியைக் குறை சொல்வது முறையன்று. இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைக்க அது தடுக்கவில்லை.

கோப்பே இல்லாமற்போவது இன்னொரு வகை. ரெட்ஹாட்டின் வழக்கமான அமைப்பில் 28 நாள் பதிவு நிற்கும், டெபியனில் ஏழு நாள். "போன மாசம் நடந்ததே" என்று மேலாளர் தொடங்கும்போது டெபியன்காரர் அறையை விட்டு நழுவலாம். நெடுங்காலமாக டெபியனில் தொகுப்பை நிறுவினால் மட்டும் பதிவு தொடங்குவதும் இல்லை; அமைப்புக் கோப்பில் பொய் என்று நிற்பதை மெய் என்று திருத்த வேண்டும். சர்வர் விழுந்த அன்றுதான் பெரும்பாலோர் அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

இவ்வுரைக்கு மறுப்பெழுத விரும்புவோர் தம் சான்றுக் கோப்பையும் இணைத்து அனுப்பலாம். ஜேசன் வேண்டா, அரைப்புள்ளியே போதும். நேரம் மட்டும் இந்திய நேரமாக இருக்கட்டும்.