சரக்கு லாரியில் உலை வைக்கும் இடம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

வீட்டோடு ஊர் சுற்றும் வண்டி ஜெர்மானியர்களின் கண்டுபிடிப்பு என்று உலகம் நம்புகிறது. 1950களில் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக் கொடுத்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தைச் சான்று காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் இத்தகைய வண்டிகளில் ஏறிக்கொண்டு, போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை சுமார் 2,700 கிலோமீட்டர் ஓடும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் மாதக்கணக்கில் திரிகிறார்கள். அவர்களோடு இந்த ஆய்வுக்குப் பகை கிடையாது. படுக்கை, அடுப்பு, தண்ணீர், சாமி படம் நான்கும் இருந்து சக்கரமும் சுழன்றால் அது வீட்டு வண்டி என்ற வரையறையை ஏற்றுக்கொண்டால், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, அவற்றின் மேல் சரக்கும் ஏற்றுகிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறோம்.

களமாக எடப்பாடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் சங்ககிரிக்கோ மகுடஞ்சாவடிக்கோ போக வேண்டிய ஊர் இது. ஆகவே தறியில் நெய்த துண்டானாலும், மூட்டை கட்டிய எதுவானாலும், இங்கிருந்து வெளியேறுவது லாரியில்தான். தரவுகள் டீக்கடையில் திரட்டப்பட்டன. தகவலாளிகள் அனைவரும் ஓட்டுநர்கள். ஆய்வின் நோக்கத்தை விளக்கியபோது மூத்தவர் ஒருவர் எழுப்பிய முறையியல் ஐயத்தை அப்படியே தருகிறோம்: “ஏனுங்க, அந்த ஆஸ்திரேலியா வண்டியில லோடு ஏத்தறதில்லீங்களா? அப்பறம் டீசலுக்கு யாருங்க காசு குடுக்கறது?” அவர்களே கொடுத்துக்கொள்கிறார்கள் என்றோம். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, “பாவமுங்க” என்றார்.

இனி ஆய்வு வினா: நெடும்பயணத்தில் லாரி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது? சரக்கின் அவசரமும் முதலாளியின் போனும்தான் இதைத் தீர்மானிக்கின்றன என்பது பொதுவான கருத்து. அக்கருத்தை மறுக்கிறோம். வண்டி நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது சோறு.

வடக்கே போகும் லாரிக்காரர் அரிசியை இங்கிருந்தே எடுத்துப்போகிறார். கர்நூல் தாண்டினால் கிடைக்கும் சாப்பாட்டில் நம்பிக்கை குறைகிறது; நாக்பூர் தாண்டினால் ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டுமே மிஞ்சுகின்றன. இரண்டு நாள் ரொட்டி தின்ற டிரைவர் மூன்றாம் நாள் வளைவில் சரியாகத் திரும்பமாட்டார் என்று ஒரு தகவலாளி உறுதிபடக் கூறினார். ஆகவே நாமக்கல் பட்டறையில் பாடி கட்டும்போதே அடியில் பெட்டி வைத்துவிடுகிறார்கள். ஒரு பெட்டியில் ஜாக்கி, கம்பி, கயிறு. இன்னொன்றில் அரிசி, குக்கர், புளி, சாம்பார் பொடி, மிளகாய், அடுப்பு. முன்பு மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ், இப்போது அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர். கருவாடு எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. கேபினுக்குள் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் ஒருமனதான முடிவு உண்டு.

உலை வைக்கும் இடத்துக்கு முதல் தகுதி தண்ணீர். பெட்ரோல் பங்கின் குழாயோ, தோட்டத்து மோட்டாரோ கண்ணில் பட வேண்டும். கேன் தண்ணீர் குடிக்க மட்டும். நிழல் இருந்தால் நல்லது. மூன்றாவது தகுதியான காற்றைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். அனந்தப்பூர் நாட்டில் மழை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே காற்று எப்படி அடிக்கும் என்பது ஸ்டவ் பற்றவைத்தவருக்கு மட்டுமே தெரியும். நெருப்பு குக்கரைச் சுடாமல் ஆந்திர மாநிலத்தைச் சுடும். அதற்காக வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, பின்சக்கரத்தின் மறைவில் அடுப்பை வைத்து, மிச்சத் தார்ப்பாயை இழுத்துத் திரை கட்டுகிறார்கள். இதனால், சாலையோரம் கோணலாக நிற்கும் லாரியைக் கண்டு போதையில் நிறுத்தியது என்று முடிவு கட்டுபவர்கள், உள்ளே குழம்பு கொதிக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எந்த இடத்தில் உலை வைக்கக் கூடாது என்பதற்கும் மரபு உண்டு. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தேசிய நெடுஞ்சாலை 44இல், நம்மவர்களுக்கு முதல் தடை தொப்பூர் கணவாய். அங்கே பிரேக்கைத் தவிர வேறு நினைப்பு ஆகாது. மத்தியப் பிரதேசத்தில் சிவனி அருகே பெஞ்ச் காட்டை ஒட்டிய சாலையில், புலிகள் கடந்துபோகச் சாலைக்கு அடியில் வழி கட்டியிருக்கிறார்கள். டிரைவர் சோறாக்க அப்படி எதுவும் கட்டவில்லை. ஆகவே காடு முடியும்வரை பசியோடு ஓட்டுவது வழக்கம். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையே சம்பல் ஆற்றுப் பள்ளங்களிலும் அடுப்பு இறங்காது. கொள்ளையர் காலம் முடிந்து வெகுநாளாயிற்று. ஆனால் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்த குருமார்கள் அதைத் திரும்பப் பெறவில்லை.

இங்கு இரண்டு முரண்களைக் குறிப்பிடாமல் நகர முடியாது. நாமக்கல் வட்டாரம் சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்குப் பேர்போனது. ஒரு டேங்கரில் ஏறக்குறைய 18 டன் எரிவாயு போகும். நாட்டின் அடுப்புகளை எரியவைக்கும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அதனால் எரிவாயுவைச் சுமந்து போகிறவரே கடைச் சோற்றை நம்பியிருக்கிறார். மற்றது ஜவ்வரிசி. சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் வெளிச்சந்தையிலும் விற்கும் ஜவ்வரிசி மகாராஷ்டிரம் வரை போகிறது. அங்கே அதை விரத நாளில் கிச்சடி கிண்டித் தின்கிறார்கள். விரதம் என்று சொல்லிவிட்டு இவ்வளவு தின்பதை, மூட்டை இறக்கும் இடத்தில் நின்றுகொண்டு நம் ஆட்கள் வியப்போடு பார்க்கிறார்கள். ஒருவர்கூட மூட்டையில் கைவைத்துச் சமைத்ததில்லை என்றார்கள். நேர்மை மட்டும் காரணமல்ல, ஜவ்வரிசி சோறாகாது.

ஆஸ்திரேலியாவின் அயர் நெடுஞ்சாலையில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்க்கோட்டுச் சாலை இருக்கிறது என்று தகவலாளிகளிடம் சொல்லிப் பார்த்தோம். வளைவு இல்லாவிட்டால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் ஓரங்கட்ட வேண்டும், ஓரங்கட்டினால் எப்படியும் உலை வைத்துவிடலாம் என்று நம் கருதுகோளை அவர்களே வலுப்படுத்தினார்கள்.

அண்மைக் காலத்து மாற்றங்களில் ஒன்று, 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் எல்லாவற்றின் கேபினுக்கும் ஏ.சி. கட்டாயம் என்ற ஒன்றிய அரசின் விதி. வரவேற்கிறோம். ஜன்னலை அடைத்து ஓட்டுவதால் கருவாட்டுப் பெட்டி பற்றிய பழைய விவாதம் கூர்மையடையும்.

அதைவிடப் பெரிய மாற்றம் கிளீனர் மறைந்துபோனது. டயர் தட்டி, கண்ணாடி துடைத்து, “அண்ணா, லெப்ட்ல வாங்க” என்று குரல் கொடுத்த கிளீனர்தான் சமையல்காரரும். ஸ்டீயரிங் பிடிப்பதற்கு முன் சாம்பாரில் தேற வேண்டியிருந்தது. உப்பைக் கோட்டைவிட்டவருக்கு ஹைவேயில் வண்டி கிடைக்காது. இப்போது அந்த வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. நெடுந்தூர வண்டிகளில் இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஓட்டாதவர் சமைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம். சமைக்க வண்டியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திவிட்டால் இருவருமே ஓட்டாதவர்கள். இந்தச் சிக்கலை இருவரும் நியாயமாகப் பேசித் தீர்ப்பதற்குள் எதிரே தாபா வந்துவிடுகிறது.