கடிகாரக் கேள்விகள்: பார்த்ததும் திட்டாதீர்கள், பார்த்ததும் வாங்காதீர்கள்

கேள்வி: ஏப்ரல் வந்தால் ரோலெக்ஸ் புது மாடல்களை அறிவிக்கிறது. அன்றைக்கே பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், மீதிப் பேர் வாரித் தூற்றுகிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
— வாசகர், காரைக்குடி செக்காலை

பதில்: அன்றைக்கு இரண்டு பேரையுமே நம்பாதீர்கள். ஜெனீவாவில் ‘வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ்’ கண்காட்சி திறக்கும் காலையில் தீர்ப்பு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் படத்தை மட்டுமே பார்த்தவர்கள். கனம் எவ்வளவு, மணிக்கட்டில் எப்படி உட்காருகிறது, சட்டைக் கைக்குள் நுழையுமா என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

2025இல் வந்த லேண்ட்-ட்வெல்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சண்டையில் பாதி அதன் தேன்கூடு டயலைப் பற்றியது. எனக்கு அந்த டயல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் செய்தி டயலில் இல்லை, உள்ளே இருந்தது. ஸ்பிரிங்கில் முறுக்கி வைத்த விசையைத் துளித்துளியாக விடுகிற பகுதிக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். சுவிஸ் வாட்ச்களில் மிகப் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாக ஒரே வகை எஸ்கேப்மென்ட்டைத்தான் வைத்திருக்கின்றன. ரோலெக்ஸ் அதை விட்டுவிட்டு, சிலிக்கானில் செய்த ‘டைனாபல்ஸ்’ என்ற புது அமைப்பைத் தன் 7135 மெஷினில் வைத்தது. வழக்கமான ரோலெக்ஸ் மணிக்கு 28,800 முறை துடிக்கும். இது 36,000 முறை துடிக்கிறது. துடிப்பு கூடியும், ஒரு தடவை முறுக்கினால் ஏறக்குறைய 66 மணி நேரம் ஓடுகிறது. நான் அறிந்த வரையில் பல ஆண்டுகளில் அந்தக் கம்பெனி செய்த மிகப் பெரிய வேலை இதுதான். திட்டியவர்களிலும் கொண்டாடியவர்களிலும் பலர் டயலோடு நின்றுவிட்டார்கள்.

கேள்வி: அப்படியென்றால் சேகரிப்பாளர்களின் முதல் நாள் கோபம் எப்போதுமே தப்பா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: எப்போதும் இல்லை. 1972இல் ஆடமார் பிகே ‘ராயல் ஓக்’கைக் கொண்டுவந்தபோது விலை 3,300 சுவிஸ் ஃபிராங்க். எஃகு வாட்சுக்குத் தங்க வாட்சை மிஞ்சிய விலையா என்று கடைக்காரர்களே முகம் சுளித்தார்கள், விற்பனையும் மெதுவாகத்தான் நடந்தது. ஜெரால்ட் ஜென்டா வரைந்த அந்த எண்கோண வாட்ச்தான் பிறகு கம்பெனியையே தாங்கியது. அங்கே கோபம் தோற்றது.

அதே கம்பெனி 2019இல் ‘கோட் 11.59’ என்று ஒரு வரிசையை இறக்கியது. டயல் உயிரில்லாமல் கிடக்கிறது என்று சேகரிப்பாளர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அது சரியான பேச்சு. பின்னால் வந்த மாடல்களில் டயலுக்குப் புது வேலைப்பாடு கொடுத்த பிறகுதான் அந்த வரிசைக்கு முகக்களை வந்தது. உடம்பும் மெஷினும் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தன.

ஒரு வருஷம் கழித்தும் அதே கோபம் நீடித்தால் அதில் விஷயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படேக் ஃபிலிப்பின் சதுர வாட்சுக்கு ஏன் அவ்வளவு வசவு?
— வாசகி, கோட்டையூர்

பதில்: எதிர்பார்ப்பு ஒன்று, வந்தது வேறொன்று. ‘நாட்டிலஸ் 5711’ எஃகு வாட்சை 2021இல் நிறுத்தினார்கள். அதன் இடத்துக்கு எஃகிலேயே ஒன்று வரும் என்று உலகமே காத்திருந்தது. 2024 அக்டோபரில் ‘க்யூபிடஸ்’ வந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கம்பெனியின் முதல் புது வரிசை. பார்த்தால் நாட்டிலஸின் பட்டையும் கோடு போட்ட டயலும் ஒரு சதுரத்துக்குள் உட்கார்ந்திருந்தன, அளவு 45 மி.மீ.

பெரிது என்ற குறை நியாயம். 2025இல் 40 மி.மீ. அளவில் வந்ததும் சதுரம் கையில் அழகாகவே உட்கார்ந்தது. என்ன, அப்போது அந்த அளவு தங்கத்தில் மட்டும் வந்தது.

எனக்கு வருத்தம் வாட்ச் மீது இல்லை. குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் படேக் வாங்காதவர்கள், வாங்கப்போகாதவர்கள் என்ற பொருளில் தலைவர் தியரி ஸ்டெர்ன் பேசினார். வாங்க முடியாதவனுக்கும் கண் இருக்கிறது. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைப் போல ஒன்றைக் கட்டிக்கொள்ள நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதற்காக அந்த வீட்டின் அழகைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லையா?

கேள்வி: கிழமையும் தேதியும் காட்டாத ரோலெக்ஸ் ஒன்று இருக்கிறதாமே?
— வாசகர், புதுவயல்

பதில்: இருக்கிறது. 2023இல் வந்த ஒரு டே-டேட். டயல் எனாமலில் செய்த புதிர்க்கட்டம். கிழமை வரவேண்டிய ஜன்னலில் அன்பு, அமைதி, நம்பிக்கை போன்ற ஏழு சொற்கள் ஆங்கிலத்தில் வரும், தேதி ஜன்னலில் 31 எமோஜி. பழைய சேகரிப்பாளர்கள் அதிர்ந்துபோனார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அந்த எனாமல் வேலை லேசுப்பட்டதல்ல. நிறத்துக்குப் பயப்படாத ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு அதிர்ச்சியாகவே இராது.

கேள்வி: பத்து லட்ச ரூபாய் வாட்ச் சரியாக மணி காட்டுமா?
— பள்ளி மாணவர், புதுக்கோட்டை

பதில்: ரோலெக்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு வினாடி முன்னே பின்னே போகலாம் என்பது அவர்களே வைத்துக்கொண்ட அளவு. உங்கள் அப்பா கட்டியிருக்கும் பேட்டரி வாட்ச் ஒரு மாதத்துக்கே பதினைந்து வினாடிதான் தவறும். மணி மட்டும் பார்க்க வேண்டுமென்றால் பேட்டரி வாட்ச் போதும், தம்பி.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. இந்த வருஷம் வந்த மாடலையே வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆசை. காத்திருப்புப் பட்டியல் என்கிறார்கள். என்ன செய்ய?
— வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் வலையபட்டி)

பதில்: ஆசை நல்ல ஆசை. ஆனால் இந்த வருஷ மாடல் வேண்டாம். எல்லோரும் கேட்கும் மாடலைக் கேட்டால் கடைக்காரர் உங்களைக் காக்க வைப்பார், பிடிக்காத இன்னொன்றையும் சேர்த்து வாங்கத் தூண்டுவார். வெளிச்சந்தைக்குப் போனால் விலைப்பட்டியலுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். அப்பச்சிக்குத் தேவை எளிதாக மணி தெரிகிற, கனம் குறைந்த, 36 மி.மீ. அளவு வாட்ச். டேட்ஜஸ்ட் 1945இலிருந்து வந்துகொண்டிருக்கிறது, எண்பது வருஷமாக யாருக்கும் அலுக்கவில்லை. உலோகப் பட்டையே வாங்குங்கள், நம் பக்கத்து வெயிலிலும் வேர்வையிலும் தோல் பட்டை ஒரு கோடைக்குத் தாங்காது.

பில்லையும் உத்தரவாத அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். விமான நிலையத்தில் சுங்கத்தில் சொல்லி வரியைக் கட்டிவிடுங்கள். சட்டைக் கைக்குள் மறைத்துக் கொண்டுவந்த வாட்சை அப்பச்சி நிம்மதியாகக் கட்ட முடியாது.

கேள்வி: இந்தியாவிலேயே வாங்கினால்?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: 2025 ஏப்ரல் 22 முதல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்குக் கடையிலேயே ஒரு சதவீதம் வருமான வரி பிடிக்கிறார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், செலவு என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த ஒப்பந்தப்படி சுவிஸ் வாட்ச்களின் சுங்க வரியும் படிப்படியாகக் குறைகிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல காலம்.

கேள்வி: வாட்ச் வாங்குவது முதலீடு என்கிறார்களே?
— வாசகர், குன்றக்குடி

பதில்: நியூயார்க்கில் 2021 டிசம்பரில் டிஃபனி நீல டயல் கொண்ட ஒரு படேக் 5711 ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் உச்ச விலையில் வாங்கினார்கள். 2022 கோடையிலிருந்து வெளிச்சந்தை விலைகள் சரியத் தொடங்கின.

பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்த ஊர் இது. வட்டியை எழுதாமல் வரவை எழுதுவது நம் வழக்கமில்லை. போட்ட பணத்துக்கு வட்டி, இன்சூரன்ஸ், பத்து வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ், விற்கும்போது தரகு, எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். பிறகும் கட்டிக்கொள்ள ஆசையிருந்தால் வாங்குங்கள். லாபத்துக்காக என்றால் வேண்டாம்.

கேள்வி: நம் தமிழ்நாட்டில் அப்படி ஒரு வாட்ச் செய்ய முடியாதா?
— வாசகி, சிவகங்கை

பதில்: செய்துவிட்டார்கள். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன் தன் நாற்பதாம் ஆண்டையொட்டி 2025இல் ‘நெபுலா ஜல்சா’ என்று பத்தே பத்து வாட்ச்கள் செய்தது. ஒன்றின் விலை 40 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். டயலில் ஜெய்ப்பூர் ஹவா மஹால் காட்சி, பத்மஸ்ரீ ஷாகிர் அலி கையால் தீட்டிய நுண்ணோவியம். உள்ளே டைட்டன் தானே செய்த டூர்பியான், அதாவது பேலன்ஸ் சக்கரமும் எஸ்கேப்மென்ட்டும் ஒரு கூண்டுக்குள் சுற்றிக்கொண்டே ஓடும் அமைப்பு. டைட்டனுக்கு நாற்பது லட்சமா என்ற கேள்வி உடனே எழுந்தது. அதே வேலையை ஜெனீவாவில் செய்திருந்தால் விலையைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருக்காது. எனக்கு அந்தக் கேள்வி வலித்தது.

இந்தக் கம்பெனியில் கால் பங்குக்கும் மேல், 27.88 சதவீதம், டிட்கோ கையில், அதாவது நம் மாநில அரசின் கையில் இருக்கிறது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். கோயிலும் பட்டும் தமிழ் எழுத்தும் வைத்து ‘நம்ம தமிழ்நாடு’ என்று ஒரு வரிசை போட்டார்கள், சந்தோஷம். அடுத்து க, உ, ங என்று தமிழ் எண் போட்ட டயலோடு, சாவி கொடுக்கும் மெஷினோடு, ஆசிரியர் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலையில் ஒன்று செய்யட்டும். எச்.எம்.டி. ‘ஜனதா’வை அப்படித்தானே இந்தி எண்ணோடு செய்தது? ரோலெக்ஸ் டே-டேட்டில் கிழமையை 26 மொழிகளில் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் பார்க்கப் போனேன். வாசலில் ஒருவர் பளபளவென்று ஆரஞ்சு டயலோடு பழைய ஃபாவ்ர்-லூபா காட்டினார். வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், அமராவதிப்புதூர்

பதில்: வேண்டாம். ஃபாவ்ர்-லூபா 1737இலிருந்து பேர் சொல்லும் சுவிஸ் கம்பெனி, 1865லேயே இந்தியாவுக்கு வந்தது. நம் தாத்தாக்கள் கல்யாணத்துக்குக் கட்டிய வாட்ச். அதனாலேயே நைந்துபோன பழைய மெஷினுக்குப் புது நிறம் பூசி விற்கும் வேலை பெரிய தொழிலாகிவிட்டது. சேகரிப்பாளர்கள் அதை ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள். அறுபது வருஷ வாட்சில் டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போலிருந்தால் அது நேற்று அச்சடித்ததுதான். எழுத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், மசி கலங்கியிருக்கும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மங்கிய, புள்ளி விழுந்த, பழுப்பேறிய அசல் டயலுக்குத்தான் மதிப்பு.

கேள்வி: வாட்சுக்கும் காரைக்குடிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— வாசகர், மானகிரி

பதில்: உண்டு. வாட்சில் வரும் பேட்டரி, உலோக முலாம் போன்றவற்றை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1953இலிருந்து, காரைக்குடியிலேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சுவர்க்கடிகாரம் ஓடாமல் தொங்குகிறது. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில். வியாபாரி விலை கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, கொடுக்காதீர்கள். இப்போதைக்காவது கொடுக்காதீர்கள். ஓடாத கடிகாரத்துக்கு மரத்தின் விலைதான் கிடைக்கும். இந்தக் கடிகாரங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல, நின்றுபோனவை. எந்தக் காலத்திலோ யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள், அது பிசினாக இறுகியிருக்கும். கழற்றிக் கழுவி, கடிகார எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: சுவரில் நேராகத் தொங்குகிறதா? கொஞ்சம் சாய்ந்தாலும் ஊசல் நின்றுவிடும். டிக், டாக் இரண்டும் சம இடைவெளியில் கேட்டால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், சாவி கொடுக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் தள்ளவே கூடாது. மெதுவாக ஓடினால் ஊசலின் அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். வெயில் காலத்தில் உலோகத் தண்டு நீண்டு தாமதிக்கும், அது இயல்பு.

கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டையும், மெஷினின் பின்தகட்டில் உள்ள முத்திரையையும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தது என்று அதில் தெரியும். சுவர்க்கடிகாரம் தெரிந்த பழைய ரிப்பேர்க்காரர்கள் நம் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த திருவிழாவுக்குப் பங்காளிகள் வரும்வரை காத்திருக்காமல், இந்த மாதமே ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.