நடுவுல ஒரு வெர்ஷனைக் காணோம்

சென்னையில் ஆட்சி மாறுவது கோட்டையில்தான் என்பது பாடப்புத்தகச் சரித்திரம். தி.நகர் உஸ்மான் ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர்களின் மாடிப்படி ஏறி இறங்கியவர்களுக்கு வேறொரு வம்சாவளி தெரியும். முதலில் கோபால் என்னும் கம்ப்யூட்டர் மொழி ஆண்டது. ஒய்2கே பூதத்தைக் காட்டிப் பல குடும்பங்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு அது ஓய்ந்ததும் ஜாவா பட்டத்துக்கு வந்தது. ஊருக்கே ஜாவா சொல்லிக்கொடுத்த எஸ்எஸ்ஐயின் கல்பாத்தி சகோதரர்கள், 2006இல் 'திருட்டுப் பயலே' எடுத்து சினிமாவுக்குள் நுழைந்தார்கள். பிற்பாடு தி.நகரிலேயே ஏஜிஎஸ் தியேட்டர், அப்புறம் 'பிகில்'. அடுத்த வெர்ஷன் எப்போது வரும் என்று பயந்துகொண்டிருப்பதைவிட, விஜய் கால்ஷீட் எப்போது கிடைக்கும் என்று காத்திருப்பது மேல் என்று கண்டுகொண்ட தீர்க்கதரிசிகள்.

மற்றவர்கள், வெப் பக்கங்கள் எழுத உதவும் ஆங்குலரிடம் மாட்டிக்கொண்டோம்.

அதன் அவதாரக் கதை ஒரு பந்தயம். கூகுளில் மிஷ்கோ ஹெவரி என்று ஒருவர். ஆறு மாதமாக எழுதிய 17,000 வரி புரோகிராமை, 2009இல் தான் உருவாக்கிய ஆங்குலரை வைத்து இரண்டே வாரத்தில் திருப்பி எழுதிக் காட்டுகிறேன் என்றார். மூன்று வாரம் ஆனது, பந்தயம் தோற்றது. ஆனால் 17,000 வரி 1,500 ஆகிவிட்டிருந்தது. அவருடைய மேனேஜர் பிராட் கிரீன் அசந்துபோனார். நம் ஊர் சர்வீஸ் கம்பெனி மேனேஜராக இருந்திருந்தால், "மிச்சம் 15,500 வரிக்கு கிளையண்ட் கிட்ட எப்படிப்பா பில் போடறது?" என்று கேட்டு அன்றைக்கே கதையை முடித்திருப்பார்.

2012 ஜூனில் 1.0 வந்தது. காசு கிடையாது, சோர்ஸ் கோடும் திறந்து கிடந்தது. மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் வீடு தேடி வந்துகொண்டிருந்த காலம். இலவசமாக இன்னொன்று வந்தால் வேண்டாம் என்போமா? பெட்டியில் பெயரைத் தட்டத் தட்ட, பக்கத்தில் அதே பெயர் தானாக வளர்ந்தது. தி.நகர் டெமோ கிளாஸில் வாத்தியார் தன் பெயரைத் தட்டிக் காட்டிய அந்த ஒரு நிமிடத்திலேயே பாதிப் பேர் ஃபீஸ் கட்டினார்கள். உள்ளே நடந்ததை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் மாறியிருக்கிறதா என்று ஒரு சுற்று பார்க்கும். ஒன்றே ஒன்று மாறியிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பத்துச் சுற்றுக்கும் அடங்கவில்லை என்றால் சிவப்பு எழுத்தில் கையை விரித்துவிடும். அந்தச் சிவப்பு எழுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தரிசனம் தரும்.

மயிலாப்பூரில் வரன் பேசும் இடத்தில், "பையன் ஆங்குலர்ல இருக்கான் மாமி" என்று பெருமையாகச் சொன்னார்கள். "பெங்களூர் தாண்டியா?" என்றார் மாமி.

2014 அக்டோபர் 22, தீபாவளி. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நரகாசுரனை முடித்துவிட்டு ஊரே 'கத்தி'க்கும் 'பூஜை'க்கும் கிளம்பிக்கொண்டிருந்தது. அன்று பாரிஸில் ஒரு மாநாடு தொடங்கியது. பிராட்வே பஸ் போகும் பாரிஸ் இல்லை, நிஜ பாரிஸ். ஆங்குலர் 2 எப்படியிருக்கும் என்று அதன் கர்த்தாக்கள் திரையில் காட்டியவை கல்லறைகள். கன்ட்ரோலர், ஸ்கோப், மாட்யூல்... தி.நகரில் ஃபீஸ் கட்டிப் படித்ததெல்லாம் வரிசையாகப் படுத்திருந்தது. பழைய புரோகிராம் புதியதில் ஓடாது, திருப்பித்தான் எழுத வேண்டும் என்றார்கள்.

சென்னைக்காரனுக்கு இந்த நியாயம் விளங்கவேயில்லை. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனது. ஆனாலும் லஸ்ஸில் நின்று "லாயிட்ஸ் ரோடு போகணும்" என்றால் ஆட்டோ எந்த எர்ரரும் காட்டாது. மீட்டரைத்தான் காட்டாது.

இரண்டு வருஷம் காத்திருந்தோம். காத்திருக்கப் பொறுக்காதவர்கள் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் பக்கம் தாவினார்கள். ஆங்குலருக்கு 2016 மே மாதம் முதல் 'ரிலீஸ் கேண்டிடேட்' வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த மாதிரி என்று அர்த்தம். இதற்கு மேல் பெண்ணை மாற்ற மாட்டார்கள். மாற்றினார்கள். பக்கம் விட்டுப் பக்கம் அனுப்பும் ரவுட்டரைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதினார்கள்; பிறகு அதையும் தூக்கிப் போட்டார்கள். ஆகஸ்டில், ஐந்தாவது கேண்டிடேட்டில், பாரிஸில் புதைத்த மாட்யூல் 'என்ஜி மாட்யூல்' என்று பேரை மாற்றிக்கொண்டு எழுந்து வந்து உட்கார்ந்தது.

செப்டம்பர் 14 அன்று ஒருவழியாக 2.0. எட்டாம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகு ஆங்குலரைப் பற்றிப் பேச சென்னையில் யாருக்கும் மனமில்லை. நவம்பர் 8 ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் 500, 1000 நோட்டுகளுக்குக் கொடுத்த அவகாசம் நாலு மணி நேரம். பழைய ஆங்குலருக்கு கூகுள் 2021 டிசம்பர் 31 வரை ஆதரவு கொடுத்தது. ஏடிஎம் வரிசையில் நின்றதை நினைத்துப் பார்த்தபோது கூகுள்மேல் எனக்கிருந்த கோபம் பாதி தணிந்துவிட்டது.

2016 டிசம்பரில், வர்தா புயல் மரங்களைச் சாய்த்த அதே மாதம், அடுத்து வருவது 4 என்று அறிவித்தார்கள். 3 எங்கே? விஷயம் இதுதான்: திரும்பத் திரும்ப எழுதப்பட்ட அந்த ரவுட்டர் ஏற்கெனவே 3இல் இருந்தது, மற்ற பாகங்கள் 2இல். தம்பிக்கு அண்ணனைவிட வயது கூடிவிட்டது. ஜாதகத்தைத் திருத்த, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் நாலு வயது என்று எழுதிவிட்டார்கள். 2017 மார்ச்சில் 4 வந்தது. இன்டர்வியூவில், "ஆங்குலர் 3 தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உதட்டோரம் சிரிக்கும் ஓர் இனம் அன்றைக்குத்தான் ஓஎம்ஆரில் தோன்றியது. தெரியும், ஒரு வருஷ அனுபவம் என்று பதில் சொன்னவர்களும் உண்டு.

அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கொரு வெர்ஷன். 2024 நவம்பரில் 19 வந்தபோது, என்ஜி மாட்யூல் இல்லாமல் எழுதுவதே இயல்பு என்று ஆக்கிவிட்டார்கள். மாட்யூலுக்கு இது இரண்டாவது கல்லறை. தி.நகர் சிலபஸில் அது இன்னும் மூன்றாவது வாரப் பாடம்.