சமத்துப் பிள்ளைத்தமிழ்

வடசென்னைக் காசிமேட்டில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு இது: “இன்னா சமத்துப் புள்ள பாரு, ஒக்கார வச்சா வச்ச எடத்துலயே கீது.” ஆயாவுக்குப் பூரிப்பு. ஒன்றரை வயதுப் பிள்ளை வைத்த இடத்திலேயே இருப்பது சமத்தா? இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பை உயிர் வாழ ஒதுக்கிவிட்டு, தவழ்வதையும் எழுந்து நிற்பதையும் சத்துக் குறைந்த அந்த உடம்பு தள்ளிப்போடுகிறது. இரும்புச்சத்து குறைந்தால் நரம்பைச் சுற்றிப் படிய வேண்டிய உறை சரியாகப் படியாது. மூளை இட்ட கட்டளை காலுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும், நம் அரசாணை மாதிரி.

கணக்கு கோட்டைக்கும் தெரியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. இரத்தசோகை 57 பேருக்கு. முந்தைய ஆய்வில் 51தான். இந்தியா முழுக்க 67 என்று சொல்லி மார்தட்டவும் ஆள் இருக்கிறது. ரொம்ப வெளுத்த பிள்ளையைக் காட்டி, கொஞ்சம் வெளுத்த பிள்ளைக்குக் கோப்பை வாங்கும் நிர்வாகம்.

மற்றபடி அரசு சுறுசுறுப்புதான். 2025 ஜூலை முதல், வீட்டுக்குத் தரும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தைக் கேமரா அடையாளம் காண வேண்டுமாம். விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கூடையோடு ஓடுகிறவள், பால்வாடிக்கு வந்து முகம் காட்ட வேண்டும். நெட்வொர்க் மனம்வைத்தால் மாவு. அதிலும் அக்காவுக்கு ஒரு உருண்டை, அண்ணனுக்கு ஒரு உருண்டை போக மிச்சம்தான் ‘பயனாளி’க்கு. காலை உணவுத் திட்டம் இல்லையா என்பீர்கள். நல்ல திட்டம், 2022-இலேயே வடசென்னைப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சாப்பிட, பிள்ளை முதலில் ஒன்றாம் வகுப்புக்கு நடந்து போக வேண்டும்.

கடலோரத்தில் புரதத்துக்கா பஞ்சம்? வஞ்சிரமும் இறாலும் பெட்டி பெட்டியாக ஐஸில் ஏறிப் போகின்றன. கூறுபோட்டு விற்றவளின் பிள்ளைக்கு டீயில் நனைத்த பொறை. மீன்குஞ்சு வளர ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் உண்டு. மீனவன் குஞ்சு அந்த 61 நாளும் வட்டிக்கு வாங்கிய காசில் வளரட்டும்.

பிள்ளைத்தமிழ் கண்ட நாடு இது. செங்கீரை, சப்பாணி, வருகை என்று குழந்தையின் ஒவ்வொரு அசைவுக்கும் பருவம் குறித்து வைத்த மரபு. உலக சுகாதார அமைப்பு அதையே ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அளந்து, நன்றாக வளரும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாரும் பதினேழரை மாதத்துக்குள் தனியாக நடந்துவிடுவார்கள் என்று 2006-இல் சொன்னது. நாமோ எழுபது வயதுத் தலைவரைச் செங்கீரை ஆடச்சொல்லிப் பாடுகிறோம். குப்பத்துப் பிள்ளையின் வருகைப் பருவம் தள்ளிப்போனால், “மெதுவா நடப்பான், வுடு.”

ஒருவகையில் இந்தச் சமத்து ஆள்வோருக்கு வசதி. நாளைக்கே குடிசையை இடித்துப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தாலும், வைத்த இடத்திலேயே இருப்பான்.

செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம். கேரட்டையும் முருங்கைக்கீரையையும் அடுக்கிக் கோலம் போடுவார்கள், படம் எடுப்பார்கள். படம் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்தக் கேரட்டையாவது பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள் ஐயா.