வீடு தேடி வரும் சேவை

மைசூர் விஜயநகரில் யாராவது வாசலில் சந்தனக் கன்று நட்டால் எனக்குப் பொறாமை வருவதில்லை, அனுதாபம்தான். 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசருக்குரிய மரமாக்கினார். திப்பு போனார், வெள்ளைக்காரன் போனான். உங்கள் மண்ணில் நிற்கும் மரம் சர்க்காருக்கே என்ற விதி மட்டும் 2001 வரை அசையவில்லை. இப்போது மரம் உங்களுடையதுதான். வெட்டத்தான் வனத்துறையைக் கேட்க வேண்டும்.

வைரம் பாய 15, 20 வருஷமாகும். அதன் பிறகு தனியார் மரக்காரருக்கு உருப்படியான சேவையை வடிவமைத்திருப்பவன் திருடன் ஒருவனே. துளைபோட்டு வைரம் சோதிக்கிறான்; இரவோடு இரவாக அறுக்கிறான்; வண்டிச் செலவும் அவனுடையது. விண்ணப்பமில்லை, மூன்று நகல் இல்லை. பணம் தருவதில்லை என்பது ஒரு சிறு குறை.

புகார் கொடுக்கப் போய்ப் பாருங்கள்: “மரத்தைப் பதிவு பண்ணியிருந்தீங்களா சார்?”