சிக்னலின்மை இயல்

இல்லாமையையும் ஒரு பொருளாகக் கொண்டு ஆராய்தல் தருக்க நூலார் மரபு. அதனை முன்னின்மை, பின்னின்மை, என்றுமின்மை, ஒன்றிலொன்றின்மை என நான்காகப் பகுப்பர். வனைவதற்கு முன் மண்ணில் குடம் இல்லாதது முதலாவது. உடைந்தபின் ஓட்டில் குடம் இல்லாதது இரண்டாவது. எல்லாவற்றுக்கும் குடத்தையே எடுத்துக்காட்டியதால் இப்பகுப்பின் முழு ஆற்றல் நெடுங்காலம் வெளிப்படவில்லை. மொட்டை மாடிகளில் டிஷ் வந்தபிறகே நால்வகை இன்மையும் ஒரே வீட்டில், சில நாள் ஒரே மாலையில், காணக் கிடைத்தன.

இவ்வாய்வுக்குக் கவரைப்பேட்டை களமாகக் கொள்ளப்படுகிறது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இவ்வூருக்கு வடக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ளது. ராக்கெட் எழுவதை மாடியில் நின்றே காணலாம். ஆயினும் அதே மாடியிலுள்ள டிஷ் நோக்கும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏறியது. டிடிஎச் சேவைக்கென 12 கேயு அலைவரிசை டிரான்ஸ்பாண்டர்களைச் சுமந்து 2006 ஜூலை 10 அன்று அண்டை ஏவுதளத்திலிருந்தே கிளம்பிய இன்சாட்-4சி, சிறிது நேரத்தில் வங்கக் கடலைச் சேர்ந்தது. முன்னின்மைக்கு இதனினும் தூய சான்று கிடைப்பதரிது. மற்றபடி முன்னின்மை என்பது, "நாளைக்கு வந்து மாட்டிடுறேன் சார்" என்ற சொல்லுக்கும் மாட்டுதலுக்கும் இடைப்பட்ட காலமே, விரிக்கத் தக்கதன்று.

ஜிசாட்-15 நிலநடுக்கோட்டின் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. கவரைப்பேட்டையிலிருந்து நோக்க அதன் திசை தென்கிழக்கு. உயரம் ஏறத்தாழ 68 பாகை. தென்கிழக்கு அக்னி மூலையாதலின், வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் அடுப்பும் செயற்கைக்கோளும் ஒரே திக்கைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதனால் விளையும் பலன்களை வாஸ்து நூல்கள் கூறாது விட்டன.

டிஷ்ஷின் முகமோ 45 பாகை அளவே நிமிர்ந்தது போலத் தோன்றும். அலையை வாங்கும் எல்என்பி நேர் நடுவில் இல்லாமல் கீழ்க்கையின் நுனியில் இருக்கும் அமைப்பே இதற்குக் காரணம். இதனை அறியாத உறவினர், "இது எதிர்வீட்டு டேங்கைல்ல பாத்துட்டிருக்கு" என்று மேலே தூக்கிவிடுவர். டிஷ் ஒரு பாகை பிசகினால், கோள் நிற்கும் தொலைவில் 600 கிலோமீட்டருக்கு மேல் பிசகும். கவரைப்பேட்டைக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ள நேர்த்தொலைவு ஏறக்குறைய அவ்வளவே. உறவினரின் ஒரு தூக்கு ஒரு பாகையோடு நிற்பதில்லை.

இனிப் பின்னின்மை. இது வானத்தால் வருவது, மரத்தால் வருவது, கம்பியால் வருவது என மூன்று.

வானத்தால் வருவனவற்றுள் தலையாயது மழை. கேயு அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையின் துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் கெடுக்கும். மழை ஓய்ந்தால் சிக்னல் தானே மீளும். ஆகவே மழைக்காலப் பரிகாரங்களாகிய பெட்டியைத் தட்டல், கார்டை உருவிச் சட்டையில் துடைத்துச் செருகல், ரிமோட் பேட்டரியை உருட்டல் ஆகிய அனைத்தும் ஒன்றுகூடத் தவறாமல் பலிக்கின்றன. சூரியனாலும் இடையூறு உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் முற்பகல் 11 மணியையொட்டிச் சில நிமிடங்கள் அது கோளுக்கு நேர் பின்னே வந்து தன் இரைச்சலை டிஷ்ஷில் பொழியும். அந்நேரம் குழம்பு கொதிக்கும் நேரமாதலின் முறையிடுவார் இலர். கோளே நலிவதும் உண்டு. 2010 ஜூலையில் மின்வழங்கல் கோளாற்றால் இன்சாட்-4பி தன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை இழக்க, சன் டைரக்ட் 91.5 பாகையில் அப்போது நின்ற மீசாட்-3க்குப் பெயர்ந்தது. அப்போதும் முதலில் விசாரிக்கப்பட்டவர்கள் மாடியில் பட்டம் விட்ட சிறுவர்களே.

மரத்தால் வருவதில் பக்கத்து வீட்டு முருங்கை நிரந்தரப் பிரதிவாதி. கணிதம் அதன் பக்கம் நிற்கிறது. 68 பாகையில் நோக்கும் டிஷ்ஷை மறைக்க, 10 அடி தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட ஏறத்தாழ 25 அடி உயரவேண்டும். அதுவும் தென்கிழக்கில் நின்று உயரவேண்டும். வடமேற்கில் நிற்கும் முருங்கையும் வெட்டப்படுவதுண்டு. அவ்வழக்கு வேறு, அது காய் எந்தப் பக்கம் விழுந்தது என்பது பற்றியது.

மரம் போயும் சிக்னல் வராவிடில் டிஷ்ஷைத் திருப்புவர். அப்போது பார்க்கும் சிக்னல் திரையில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என இரு பட்டைகள் தோன்றும். எல்என்பி தானே எழுப்பும் இரைச்சலாலும் ஸ்ட்ரெங்த் ஏறும். டிஷ் சிப்காட் புகைபோக்கியை நோக்கினாலும் ஏறும். குவாலிட்டி, கோள் வாய்த்தாலன்றி ஏறாது. முதற்பட்டை முக்காலும் இரண்டாம் பட்டை சுழியுமாக நிற்கும் நிலையைக் கண்டு "நல்லாத்தான் வருது" என அறிவிப்போர் பெரும்பான்மையர்.

டிஷ்ஷைத் திருப்பும் வினைக்கு மூவர் வேண்டும்: மாடியாள், படியாள், கூடத்தாள். மாடியாள் திருப்பி, "வருதா?" என்பார். படியாள் அதனைக் கீழே கடத்துவார். கூடத்தாள் "வரல" என்பார். பெட்டி சிக்னலைப் பற்றிக்கொள்ளச் சில நொடிகள் ஆகும். ஆகவே கூடத்தாளின் "வந்துச்சு!" எப்போதும் டிஷ்ஷின் முந்தைய நிலையைப் பற்றியதே. அது மேலே எட்டுமுன் மாடியாள் அந்நிலையைக் கடந்திருப்பார், உடனே "போச்சு!" எழும். வந்ததும் போனதும் ஒரே மூச்சில் மேலே சேர்வதால், எது முன், எது பின் என்ற ஐயம் நிலைக்கும். ஆந்திர எல்லை அண்மையால் படியாள் "வச்சிந்தி" என மொழிபெயர்த்தே கடத்தும் வீடுகளும் உள. கூடூர் மார்க்க ரயில் ஊதும்போது கடத்தல் முற்றும் நிற்கும். செல்போன் வந்தபின் படியாள் பதவி ஒழிந்தது. காலத்தாழ்வு ஒழியவில்லை, அது பெட்டியினுடையது.

கம்பியால் வரும் பின்னின்மையே மிகப் பெருவழக்கு. ஆயினும் இறுதியாகவே ஆராயப்படும். எல்என்பியின் வாயில் திருகிய கனெக்டரின் ரப்பர் மூடி வெயிலில் வெடித்திருக்கும். அதற்கு மாற்றாகக் கட்டிய பால் கவரில் ஒரு மடக்கு மழைநீர் தேங்கியிருக்கும். செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். மெக்கானிக் கவரை அவிழ்த்து, நீரைக் கொட்டி, பச்சைத் துண்டை வெட்டி, புதுக் கனெக்டர் மாட்டி, கேபிளைச் சற்றுத் தொங்கலாக வளைத்துக் கட்டுவார். இனி நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். குவாலிட்டி சுழியிலிருந்து எழும். அதற்கு முந்தைய நாள் முருங்கை வெட்டப்பட்டிருந்தால், புகழ் அரிவாளுக்கே சேரும்.

என்றுமின்மை ரீசார்ஜ் செய்யாமையால் வருவது. அலை வந்துகொண்டே இருந்தும் பூட்டுத் திறவாது. டிஷ்ஷை எட்டுத் திக்கும் திருப்பினும் பயனில்லை என்பதால் இப்பெயர் பெற்றது.

ஒன்றிலொன்றின்மையாவது, பெட்டியில் சிக்னல் இருந்து டிவியில் இல்லாமை. டிவி எச்டிஎம்ஐ 2இல் இருக்க, பெட்டி எச்டிஎம்ஐ 1இல் காத்திருக்கும். திரை இதற்கும் "நோ சிக்னல்" என்றே எழுதுவதால் மயக்கம் பிறக்கிறது. இந்நிலையில் மாடி ஏறலாகாது என்பது விதி. ஏறி, அதுவரை சரியாக நின்ற டிஷ்ஷைத் திருப்பி, ஒன்றிலொன்றின்மையைப் பின்னின்மையாக மாற்றிக்கொள்வது ஊர் வழக்கு.